சுடாத துப்பாக்கி!

1893-ம் ஆண்டு, டிசம்பர் மாதம்.

வடதுருவக் கடலில் ஒரு கப்பல் நிற்கிறது. அதைச் சுற்றிலும் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பனிக்கட்டிதான். சூரியன் மறைந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இனி பல வாரங்களுக்கு அது எட்டிப் பார்க்கப் போவதில்லை. பகலும் இரவும் ஒரே இருட்டு.

கப்பலின் மேல்தளத்தில் கட்டியிருந்த நாய்கள் திடீரென்று குரைத்தன. எண்ணிப் பார்த்தால் சில நாய்களைக் காணோம்!

பீட்டர் என்ற மாலுமி விளக்கை எடுத்துக்கொண்டு பனிக்கட்டியின் மேல் இறங்கினார். மோக்ஸ்டாட் என்பவரும் கூடப் போனார். கொஞ்ச தூரம் போனதும், இருட்டிலிருந்து வெள்ளைவெளேர் என்று ஒரு உருவம் பாய்ந்து வந்தது.

பனிக்கரடி!

பீட்டரின் கையில் துப்பாக்கி இல்லை. கரடி அவரது இடுப்பில் கடித்தது. அவர் கையிலிருந்த விளக்காலேயே கரடியின் தலையில் ஓங்கி அடித்தார். அதற்குள் நாய்கள் ஓடி வந்ததால் கரடியின் கவனம் திரும்பியது. பீட்டர் உயிர் பிழைத்துக் கப்பலுக்கு ஓடி வந்தார்.

கூச்சலைக் கேட்டு எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடி வந்தார்கள். கப்பலின் தலைவரும் துப்பாக்கியுடன் வந்தார். கரடி கப்பலை ஒட்டியே நின்று ஒரு நாயைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. மேலிருந்து துப்பாக்கியை நீட்டினால் அதன் முதுகைத் தொட்டுவிடலாம். அவ்வளவு பக்கம்!

ஆனால் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை.

தலைவரின் துப்பாக்கியில், ஈரம் புகாமல் இருப்பதற்காக நார் அடைத்து வைத்திருந்தார்கள். அவசரத்தில் இழுத்தால் அது வர மறுத்தது. பீட்டர் விசையை அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். "கிளிக்" என்ற ஓசைதான் வந்தது. துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய வாசலைன், குளிரில் இறுகிப் போயிருந்தது. மோக்ஸ்டாடிடம் தோட்டா தீர்ந்துவிட்டது. ஹான்சன் என்பவரின் தோட்டாக்கள் அறைக்குள் இருந்தன. அந்த அறையின் கதவோ முழுதாகத் திறக்கவில்லை. அவர் கதவு இடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

நான்கு ஆண்கள். நான்கு துப்பாக்கிகள். கைக்கு எட்டும் தூரத்தில் கரடி. சுடத்தான் ஆள் இல்லை!

கடைசியில் ஜோஹான்சன் என்ற வாலிபர் ஓடி வந்தார். அவருடைய துப்பாக்கி வெடித்தது. கரடி நாயை விட்டுவிட்டு உறுமியது. அதற்குள் மற்றத் துப்பாக்கிகளும் ஒவ்வொன்றாகத் தயாராகிவிட்டன. குண்டுகள் சரமாரியாகப் பாய்ந்தன. கரடி சாய்ந்தது.

துப்பாக்கியில் நார் சிக்கித் தவித்த அந்தத் தலைவர் யார் தெரியுமா? அவர்தான் பிரிட்ஜோப் நான்சென். நார்வே நாட்டின் தவப்புதல்வர். பின்னாளில் நோபல் சமாதானப் பரிசு பெற்ற மகான்.

கொழுப்பு செய்த துரோகம்

துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது நல்லதுதானே? அது எப்படிக் காலை வாரிவிட்டது?

மார்கழி மாதத்தில் காலையில் எழுந்து தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் வராது. கட்டியாக இருக்கும். நம் ஊர்க் குளிருக்கே இப்படி என்றால், பாதரசமே உறைந்துபோகும் வடதுருவக் குளிருக்குக் கேட்கவா வேண்டும்?

துப்பாக்கியின் உள்ளே ஒரு சிறிய ஊசி இருக்கிறது. விசையை அழுத்தினால் வில் அந்த ஊசியை வேகமாகத் தள்ளும். ஊசி தோட்டாவின் அடியில் சுரீரென்று குத்தும். அந்த அடியில்தான் நெருப்புப் பிறக்கிறது, மருந்து வெடிக்கிறது, குண்டு பாய்கிறது.

ஊசியைச் சுற்றிக் கொழுப்பு இறுகியிருந்தால் என்ன ஆகும்? ஊசி சேற்றில் நடப்பவனைப் போல மெதுவாகப் போகும். குத்து பலமாக விழாது. தோட்டா வெடிக்காது. வேட்டைக்காரன் விசையை அழுத்துவான். கரடி அவனை அழுத்தும்!

இன்னொரு எதிரியும் உண்டு. அது ஈரம். ஐஸ் போட்ட சர்பத் டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதுவும் அப்படித்தான் வேர்க்கும். உள்ளேயும் வேர்க்கும். அதைத் துடைக்காமல் மறுபடி வெளியே எடுத்துப் போனால், அந்த வேர்வை பனிக்கட்டியாகி விசையையும் ஊசியையும் பிடித்துக்கொள்ளும்.

அதனால் குளிர் நாட்டு வேட்டைக்காரர்கள் சில வழக்கங்களை வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் தொடங்கும் முன்பே துப்பாக்கியைப் பிரித்துப் பழைய எண்ணெயை அடியோடு கழுவி எடுப்பார்கள். பிறகு உலர்ந்த துணியால் துடைப்பார்கள். எண்ணெய் போட்டாலும், குளிரில் இறுகாத மெல்லிய எண்ணெயாகப் பார்த்து ஒரு துளிதான். சிலர் எண்ணெயே போடுவதில்லை. பென்சிலின் நடுவில் இருக்கிறதே கறுப்பான கிராபைட், அதைப் பொடியாகத் தூவுவார்கள்.

தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைச் சூடில்லாத இடத்திலேயே பத்திரமாகப் பூட்டி வைப்பார்கள். அறைக்குள் கொண்டுவந்தே தீரவேண்டும் என்றால் உறையோடு கொண்டுவருவார்கள். மெல்லச் சூடேறிய பிறகு பிரித்துத் துடைத்து உலர்த்துவார்கள். குழாயின் வாயில் பனி புகாமல் பார்த்துக்கொள்வார்கள். பனி அடைத்த குழாயில் சுட்டால் குழாயே வெடித்துவிடும். வாயை மூடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூடி எளிதாக வரவேண்டும். நான்சென்னின் துப்பாக்கியில் இருந்த நார்போல அடம் பிடிக்கக் கூடாது!

எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள்தான். ஆனால் அந்தப் பனிப் பிரதேசத்தில் சின்னக் காரியம் என்று ஒன்று கிடையாது.

காட்டில் வளர்ந்த பிள்ளை

நான்சென் 1861-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி பிறந்தார். நார்வேயின் தலைநகரம் அப்போது கிறிஸ்டியானியா என்று அழைக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் ஆஸ்லோ. அந்த நகரத்தின் அருகே ஒரு பண்ணையில் அவர் வளர்ந்தார்.

வீட்டுக்குப் பின்னால் பெரிய காடு. சிறுவன் நான்சென் தம்பியை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவான். மீன் பிடிப்பது, வேட்டையாடுவது, காலில் நீண்ட கட்டைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி ஓடுவது - இவைதான் பொழுதுபோக்கு.

கல்லூரியில் பிராணி நூல் படித்தார். 1882-ல் வைக்கிங் என்ற கப்பலில் வடகடலுக்குப் போனார். அது கடல்நாய் வேட்டைக் கப்பல். அப்போது அவருக்கு வயது 20. கப்பல் கிரீன்லாந்துக்கு அருகே பனியில் சிக்கிக்கொண்டது. அந்த நாட்களில் வாலிபர் நான்சென் பனிக்கரடிகளை வேட்டையாடினார். தூரத்தில் தெரிந்த கிரீன்லாந்து மலைகளைப் பார்த்தபோது, அந்தத் தீவைக் குறுக்கே கடக்கவேண்டும் என்ற ஆசை அவர் மனதில் முளைத்தது.

ஊர் திரும்பியதும் பெர்கன் நகர மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நரம்பு மண்டலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து 1888-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், ஐந்து பேரை அழைத்துக்கொண்டு கிரீன்லாந்துக்குக் கிளம்பினார்.

அதற்கு முன்பு முயன்றவர்கள் மக்கள் வசிக்கும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டார்கள். நான்சென் எதிர்ப்புறம், மனித நடமாட்டம் மிகவும் குறைந்த கிழக்குக் கரையில் இறங்கினார். இதற்கு என்ன பொருள்? திரும்பிப் போக இடமில்லை. முன்னால் போனால்தான் உயிர். ஆறு பேரும் சறுக்குக் கட்டைகளின் உதவியால் அந்தப் பனி மேட்டைக் கடந்து மேற்குக் கரையை அடைந்தார்கள். உலகம் வியந்தது.

தேங்காய் மூடிக் கப்பல்

அடுத்து அவர் கண் வடதுருவத்தின் மேல் விழுந்தது.

1881-ல் ஜானெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதன் பொருள்கள் கிரீன்லாந்தின் கரையில் ஒதுங்கின. எங்கே சைபீரியா, எங்கே கிரீன்லாந்து? பனிக்கட்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை நான்சென் புரிந்துகொண்டார். பனியோடு பனியாகக் கப்பலை உறையவிட்டால், அதுவே கப்பலைத் துருவத்தின் பக்கம் சுமந்து போகுமே!

பெரிய பெரிய நிபுணர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். தற்கொலைக்குச் சமம் என்றார்கள். நான்சென் கேட்கவில்லை.

கோலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டும் நிபுணர் பிராம் என்ற கப்பலைக் கட்டிக் கொடுத்தார். பிராம் என்றால் நார்வே மொழியில் முன்னே என்று பொருள். அதன் அடிப்பாகம் தேங்காய் மூடியைப் போல உருண்டையாக இருந்தது. பனி இறுக்கினால் கப்பல் நசுங்காது. வழுக்கி மேலே வந்துவிடும். பக்கச் சுவர் இரண்டு அடிக்கும் மேற்பட்ட கனம்!

1893 ஜூன் 24-ந் தேதி 13 பேருடன் பிராம் புறப்பட்டது. செப்டம்பர் மாதம் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் உறைந்தது. நான்சென் நினைத்தபடியே பனி இறுக்கியது, கப்பல் நசுங்கவில்லை. அந்த முதல் குளிர்காலத்தில்தான், ஆரம்பத்தில் சொன்ன கரடி வந்தது.

ஆயிரம் விஷயங்களை யோசித்துக் கட்டிய கப்பல் அது. மின்சார விளக்குக்குக் காற்றாடிகூட வைத்திருந்தார்கள். அப்படியும் ஒரு விரல் வாசலைன் அவர்களைத் திணற அடித்துவிட்டது.

இருவர், இரண்டு துப்பாக்கி

பனி கப்பலை மெதுவாக நகர்த்தியது. ஆனால் துருவத்துக்கு நேராக நகர்த்தவில்லை. ஒன்றரை ஆண்டு பார்த்த நான்சென், கப்பலை விட்டு இறங்கி நடந்தே போவது என்று முடிவு செய்தார். கூட வர ஒருவர் போதும். யார் அந்த ஒருவர்? கரடி வந்த அன்று ஓடி வந்து சுட்டாரே, அந்த ஜோஹான்சன்தான்! அவர் தேகப்பயிற்சியில் வல்லவர். எப்படியாவது இந்தப் பயணத்தில் சேரவேண்டும் என்பதற்காக, கப்பலில் கரி தள்ளும் வேலையை ஏற்றுக்கொண்டு வந்தவர்.

இரண்டு முறை கிளம்பித் திரும்பினார்கள். மூன்றாவது முறையாக 1895 மார்ச் 14-ந் தேதி புறப்பட்டார்கள். 28 நாய்கள், மூன்று சறுக்கு வண்டிகள், கயாக் என்ற இலேசான படகுகள் இரண்டு. இவற்றோடு இரண்டு துப்பாக்கிகள்.

அந்தத் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழாய்கள். ஒரு குழாயில் கரடிக்குக் குண்டு போடலாம். மற்றதில் பறவைக்கு ரவை போடலாம். 180 குண்டுத் தோட்டா. 150 ரவைத் தோட்டா. கொண்டுபோன உணவு தீர்ந்ததும், இந்தத் தோட்டாக்கள்தான் அவர்களுக்குச் சோறு. கடை இல்லை, கப்பல் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. துப்பாக்கி மக்கர் செய்தால் பட்டினிதான்.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி! பகலில் வண்டி இழுக்கும்போது உடல் வேர்க்கும். அந்த வேர்வை உடையிலேயே உறையும். கோட்டின் கை இரும்புத் தகடுபோல ஆகி மணிக்கட்டை அறுக்கும். இரவில் படுக்கைப் பைக்குள் புகுந்தால், அந்தப் பனி உருகி உடம்பெல்லாம் நனையும். துப்பாக்கிக்கு மட்டுமல்ல, மனிதனுக்கும் அங்கே ஈரம்தான் எதிரி.

ஏப்ரல் 8-ந் தேதி 86 டிகிரி 14 நிமிடம் வரை போய்விட்டார்கள். அதற்கு முன்பு எந்த மனிதனும் அவ்வளவு தூரம் வடக்கே போனதில்லை. துருவத்துக்கு இன்னும் சுமார் 420 கிலோ மீட்டர்தான் பாக்கி. ஆனால் முன்னால் பனிப் பாறைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. மேலே போனால் திரும்ப முடியாது. நான்சென் ஆசையை அடக்கிக்கொண்டு திரும்பினார். அதற்கும் வீரம் வேண்டும்.

திரும்பத் தொடங்கிய சில நாட்களில் இன்னொரு சின்னப் பிசகு நடந்தது. களைப்பில் இருவருமே கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள். இரண்டு கடிகாரமும் நின்றுவிட்டன! சரியான நேரம் தெரிந்தால்தான், கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட முடியும். அன்று முதல் அவர்கள் உத்தேசமாகவே நடக்க வேண்டியதாயிற்று. கரையைக் கண்ட பிறகும், அது எந்தத் தீவு என்று தெரியாமல் பல மாதங்கள் தவித்தார்கள்.

இரண்டு தோட்டா

ஆகஸ்டு மாதம். பனி விளிம்பில் படகைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, பதுங்கி வந்த கரடி ஒன்று ஜோஹான்சன் மேல் பாய்ந்தது. அவர் மல்லாந்து விழுந்தார். ஆனால் கரடியின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான்சென்னின் துப்பாக்கி உறையோடு படகின் மேல் இருந்தது. அவர் திரும்புவதற்குள் படகு தண்ணீரில் சறுக்கியது. ஓடினால் துப்பாக்கி போய்விடும். ஓடாவிட்டால் நண்பர் போய்விடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு கனமான படகைப் பனி மேல் இழுத்தார். உறையைப் பிடுங்கினார். அவசரத்தில் குண்டுக் குழாய்க்குப் பதில் ரவைக் குழாயின் குதிரையைத்தான் இழுத்தார். அதற்குள் நாய்கள் குறுக்கே புகுந்ததால் ஜோஹான்சன் நழுவி எழுந்துவிட்டார். கரடியின் காதுக்குப் பின்னால் நான்சென் சுட்டார். இந்த முறை துப்பாக்கி ஏமாற்றவில்லை. கரடி சுருண்டு விழுந்தது.

அதற்கு அடுத்து வந்ததுதான் மிகவும் சோகமான நாள். முன்னால் திறந்த கடல். இனிப் படகுப் பயணம். 28 நாய்களில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. படகில் அவற்றுக்கு இடமில்லை. விட்டுச் சென்றால் பட்டினியால் சாகும்.

வழியில் மற்ற நாய்களைக் கொல்ல வேண்டியிருந்தபோது அவர்கள் தோட்டாவைச் செலவு செய்யவில்லை. கத்தியைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு தோட்டா என்றால் ஒரு வாரச் சாப்பாடு! ஆனால் கடைசி வரை உழைத்த இந்த இரண்டு நாய்களுக்கும் ஆளுக்கொரு தோட்டாவைக் கொடுத்தார்கள். தன் நாயைத் தானே சுட யாருக்கும் மனம் வரவில்லை. நான்சென்னின் நாயை ஜோஹான்சன் சுட்டார். ஜோஹான்சனின் நாயை நான்சென் சுட்டார்.

கரடிக் கறி விருந்து

குளிர்காலம் நெருங்கிவிட்டது. பிரான்ஸ் ஜோசப் தீவுக் கூட்டத்தில் ஒரு தீவில் தங்கினார்கள். வால்ரஸ் என்பது நீண்ட தந்தம் உள்ள பெரிய கடல் மிருகம். அதன் தோள் எலும்பை மண்வெட்டியாக்கினார்கள். தரையைத் தோண்டினார்கள். கல்லை அடுக்கினார்கள். வால்ரஸ் தோலைக் கூரையாக விரித்தார்கள். 10 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு குடிசை!

அந்தக் குடிசையில் சுமார் எட்டு மாதம் வாழ்ந்தார்கள். காலையில் வேகவைத்த கரடிக் கறி. மாலையில் வறுத்த கரடிக் கறி. விளக்குக்கும் அடுப்புக்கும் கொழுப்பு. படுக்கையும் கரடித் தோல். எல்லாம் அந்த இரண்டு துப்பாக்கிகள் கொடுத்தவை. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? போட்டிருந்த சட்டையைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அதுதான் புத்தாடை!

ஒரே படுக்கைப் பையில் படுத்தவர்கள்தான். இருந்தும் அதுவரை ஒருவரை ஒருவர் மரியாதையாக நீங்கள் என்றே அழைத்து வந்தார்கள். புது வருஷம் பிறந்தபோது, இனி நீ என்றே அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்களாம்!

பட்டினியால் மெலிந்து போவார்கள் என்றுதானே நினைப்போம்? நேர் மாறாக, கறியைத் தின்று தூங்கியதில் நான்சென் 10 கிலோவும் ஜோஹான்சன் 6 கிலோவும் எடை கூடிவிட்டார்கள்!

அறுந்த கயிறு

1896 மே மாதம் மறுபடி புறப்பட்டார்கள். ஜூன் 12-ந் தேதி, இரண்டு படகுகளையும் ஒன்றாகக் கட்டிப் பனி விளிம்பில் நிறுத்திவிட்டு, ஒரு மேட்டில் ஏறிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தால், கயிறு அறுந்து படகுகள் மிதந்து போகின்றன! துப்பாக்கி, தோட்டா, உணவு, உடை எல்லாம் அதில்தான் இருந்தன.

நான்சென் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஐஸ் தண்ணீரில் குதித்தார். கைகால் மரத்துப்போகும் வரை நீந்தினார். இனி முடியாது என்ற நிலையில் படகைத் தொட்டார். ஏறுவதற்குள் உயிர் போய் வந்தது.

உடை சொட்டச் சொட்ட, குளிரில் நடுங்கிக்கொண்டே துடுப்புப் போட்டார். வழியில் இரண்டு கடற்பறவைகள் தென்பட்டன. உடனே துப்பாக்கியை எடுத்தார். ஒரே வெடியில் இரண்டு பறவைகளும் விழுந்தன! கரையில் நின்ற ஜோஹான்சன், நண்பருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோனார். அன்று இரவு அந்தப் பறவைகளே சாப்பாடு ஆயின.

ஐந்து நாட்கள் சென்றன. ஜூன் 17. எங்கிருந்தோ நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. நான்சென் ஓடினார். எதிரே ஒரு மனிதர்! ஜாக்சன் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் அந்தத் தீவுகளில் முகாம் போட்டிருந்தார். புகையும் கொழுப்பும் அப்பிய தாடிக்காரரை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நான்சென்தான் என்று தெரிந்ததும் கைகளைப் பற்றிக் குலுக்கினார்.

துப்பாக்கிப் பையைச் சோதித்துப் பார்த்தார்கள். குண்டுத் தோட்டா மட்டும் சுமார் 100 மிச்சம் இருந்தன! அத்தனை மாதங்களில் அவ்வளவு சிக்கனமாக, அவ்வளவு கவனமாகச் சுட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு குளிர்காலம் வந்திருந்தாலும் சமாளித்திருப்பார்கள்.

ஆகஸ்டு 13-ந் தேதி நான்சென் நார்வே மண்ணை மிதித்தார். அதே நாளில்தான் பிராம் கப்பலும் பனியிலிருந்து விடுபட்டது. ஒரு வாரத்தில் அதுவும் கரை சேர்ந்தது. போன 13 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

ஒரு துண்டுக் காகிதம்

நான்சென்னின் வாழ்க்கை அதோடு முடியவில்லை. 1905-ல் நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்து தனி நாடானதில் அவருக்குப் பங்கு உண்டு. பிறகு லண்டனில் நார்வேயின் தூதராக இருந்தார்.

முதல் உலகப் போர் முடிந்தபோது, லட்சக்கணக்கான போர்க் கைதிகள் ஊர் திரும்ப வழியில்லாமல் குளிரிலும் பசியிலும் கிடந்தார்கள். 1920-ல் சர்வதேச சங்கம் அந்தப் பொறுப்பை நான்சென்னிடம் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அவர் வீடு சேர்த்தார்.

அடுத்து அகதிகள். நாட்டை இழந்த அவர்களிடம், தாங்கள் யார் என்று காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. காகிதம் இல்லாததால் எந்த நாடும் உள்ளே விடவில்லை. கப்பலில் துப்பாக்கி இருந்தும் சுட முடியாமல் நின்ற கதைதான். உலகத்தில் இடம் இருந்தும் போக முடியவில்லை! நான்சென் ஒரு வழி கண்டார். 1922-ல் அவர்களுக்கு ஒரு அடையாளச் சீட்டு ஏற்பாடு செய்தார். அதற்கு நான்சென் பாஸ்போர்ட் என்று பெயர் வந்தது. காலப்போக்கில் 50-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. ஒரு துண்டுக் காகிதம் லட்சக்கணக்கான மக்களுக்கு வாழ்வு கொடுத்தது.

அதே 1922-ல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தை மக்களின் துயர் துடைக்கும் பணிக்கே கொடுத்தார்.

1930 மே 13-ந் தேதி நான்சென் தம் வீட்டில் காலமானார். நான்கு நாள் கழித்து, நார்வேயின் தேசியத் திருநாளன்று அவரது இறுதிச் சடங்கு நடந்தது.

பிராம் கப்பல் இன்றும் ஆஸ்லோ நகரப் பொருட்காட்சி சாலையில் நிற்கிறது. மேல்தளத்தில் ஏறிப் பார்க்கலாம். அங்கேதான் ஒரு நாள் நான்கு பேர் சுட முடியாத துப்பாக்கிகளோடு திகைத்து நின்றார்கள்.

துப்பாக்கியைத் துடைப்பது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, கயிற்றின் முடிச்சைப் பார்ப்பது - எல்லாம் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது நான்சென்னுக்கு மூன்று முறை தெரிந்தது. பிழைத்து வந்த அவர், தம் மீதி நாட்களை மற்றவர்களைப் பிழைக்க வைப்பதற்கே செலவிட்டார்.